கீரைப் பாத்தியும் மரத்த பாதங்களும்

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள் கீரை விதைப்பதை நாங்கள் தடுப்பதில்லை. வெறுங்காலுடன் பாத்தியில் இறங்குவதையே தடுக்கிறோம். முள் குத்தினாலும் வலி தெரியாது. புண் சீழ்பிடித்த பிறகே கண்ணில் படும். ஆகவே மூடிய காலணி அணிந்து, வெளியில் நின்றபடியே கை எட்டும் அகலத்தில் பாத்தி அமையுங்கள்.

சிறுகீரை விதை மிக நுண்ணியது. மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். ஆழத்தில் புதைந்தால் முளைக்காது. குடத்தால் ஊற்றினால் விதை ஒருபுறம் ஒதுங்கிவிடும், பூவாளியே ஏற்றது. (எறும்புக்கென ஓரத்தில் சிறிது நொய் தூவும் வழக்கமும் உண்டு.) முளைத்தபின் ஈரம் மிகுந்தால் இளஞ்செடியின் அடித்தண்டு அழுகிச் சாயும்; மேல்மண் சற்றுக் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். நெருக்கமானவற்றைக் களைந்தெடுங்கள், அவையும் சமையலுக்கு ஆகும்.

வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். பார்வை மங்கியவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும். சிறு கீறலாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.