சட்டைக்குப் பின்னால் ஒரு சங்கிலி

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. புதிய ஆடை வாங்கும்போது அதன் நிறம், அளவு, விலை ஆகியவற்றைக் கவனிக்கிறோம். கழுத்துப் பகுதியில் தைக்கப்பட்டிருக்கும் சிறிய துணிச்சீட்டை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும். அந்த ஆடையைத் தைத்தவர் எத்தகைய கட்டடத்தில், எத்தனை மணி நேரம், என்ன சம்பளத்திற்கு வேலை செய்தார் என்பது அதில் இருக்காது. 2013ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் நடந்த ஒரு பேரிடர் இக்கேள்விகளை உலகத்தின் முன் வைத்தது.

ஒரே கட்டடம், ஒரே விரிசல்

தலைநகர் டாக்காவுக்கு அருகிலுள்ள சவார் என்னும் ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதன் கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கியும், மேல்தளங்களில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளும் இயங்கின. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்ட அக்கட்டடத்தில் உரிய அனுமதியின்றிக் கூடுதல் மாடிகள் எழுப்பப்பட்டிருந்தன. தையல் இயந்திரங்களோடு கனமான மின்னாக்கிகளும் மேல்தளங்களில் வைக்கப்பட்டிருந்தன.

ஏப்ரல் 23ஆம் நாள் கட்டடத்தில் பெரிய விரிசல்கள் தென்பட்டன. வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. ஆயினும், தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலையில் வேலைக்கு வரும்படி பணிக்கப்பட்டனர். வராவிட்டால் சம்பளம் பறிபோகுமோ என்று அவர்கள் அஞ்சினர். மறுநாள் காலை மின்சாரம் தடைபட்டது. மின்னாக்கிகள் இயக்கப்பட்ட சற்று நேரத்தில் கட்டடம் முழுவதும் இடிந்து விழுந்தது. 1,134 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

விரிசலைக் கண்ட வங்கி ஊழியர்கள் வீட்டில் இருக்க முடிந்தது. தையல் தொழிலாளர்களால் முடியவில்லை. அன்று அந்நாட்டில் ஆடைத் தொழிலாளர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா மட்டுமே. ஒரு மாதச் சம்பளத்தை இழந்தால் வீட்டு வாடகையும் கொடுக்க இயலாது. அவர்கள் சார்பாகப் பேச அங்கே தொழிற்சங்கமும் இல்லை.

நெருக்கடி இறங்கும் வழி

பருத்தி நூலாகி, நூல் துணியாகி, துணி சாயமேறி, தைக்கப்பட்டு, கப்பலேறிக் கடைக்கு வருகிறது. இதனை விநியோகச் சங்கிலி என்பர். பெரிய வணிகக் குழுமங்கள் பலவற்றுக்குச் சொந்தமாகத் தொழிற்சாலைகள் இல்லை. குறைந்த விலைக்கும் குறுகிய காலத்திற்கும் ஒப்புக்கொள்ளும் தொழிற்சாலைக்கே அவை வேலையைக் கொடுக்கின்றன. விலையைக் குறைத்த தொழிற்சாலை தன் செலவைக் குறைக்கிறது. துணி விலையையோ கப்பல் கட்டணத்தையோ அதனால் குறைக்க முடியாது. ஆகவே, சம்பளம், ஓய்வு நேரம், கட்டடப் பாதுகாப்பு ஆகியவற்றிலேயே கை வைக்கிறது. இவ்வாறு மேலிருந்து வரும் நெருக்கடி இறுதியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரின் தோளில் இறங்குகிறது.

மாற்றம் பிறந்தது

பேரிடர் நிகழ்ந்த மறுமாதமே, அனைத்துலகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. பின்னர், 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன. முன்பு, நிறுவனங்கள் தாமே விரும்பி ஏற்ற நன்னடத்தை விதிகள் இருந்தன. அவற்றை மீறினாலும் கேட்பாரில்லை. இவ்வொப்பந்தமோ சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. தொழிற்சாலைகளைச் சுயேச்சையான பொறியாளர்கள் சோதித்தனர், அறிக்கைகள் வெளியிடப்பட்டன. ஆபத்தான கட்டடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. அன்று ராணா பிளாசாவில் இல்லாமற்போனது அந்த உரிமைதான். 2023இல் பாகிஸ்தானுக்கும் இத்தகைய ஏற்பாடு விரிவுபடுத்தப்பட்டது.

எனினும், பாதுகாப்பான கட்டடம் மட்டும் வயிற்றை நிரப்பாது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் வங்காளதேச ஆடைத் தொழிலாளர்களின் குறைந்தபட்சச் சம்பளம் 12,500 டாக்காவாக உயர்ந்தது. தொழிற்சங்கங்கள் கேட்டதோ 23,000 டாக்கா. நியாயமான சம்பளத்துக்கான போராட்டம் இன்னும் முடியவில்லை.

நம் பங்கு

‘அந்நாட்டு ஆடைகளை வாங்காவிட்டால் போதுமே’ என்று சிலர் எண்ணலாம். அவ்வாறு செய்தால் தொழிற்சாலைகள் மூடப்படும். முதலில் வேலை இழப்பவர் அதே தொழிலாளியே. அதைவிட, தொழிற்சாலைகளின் பெயர்களை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்பதும், தேவைக்கு மட்டும் வாங்கி நெடுநாள் அணிவதும் பயனுள்ளவை. இவற்றைச் செய்ய நமக்கு வயது தடையன்று. அடுத்த தீபாவளிக்குச் சட்டை வாங்கும்போது, அந்தச் சிறிய துணிச்சீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

பணிக்கப்பட்டனர் – கட்டளையிடப்பட்டனர்
நெருக்கடி – அழுத்தம் தரும் நிலை
சுயேச்சையான – எவரையும் சாராத

சிந்தித்து விடை கூறுக

1. வங்கி மூடப்பட்டும் தையல் தொழிலாளர்கள் வேலைக்குச் சென்றதற்கான காரணங்கள் யாவை?
2. நன்னடத்தை விதிகளுக்கும் 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. ‘மலிவான ஆடையின் உண்மையான விலையை வேறொருவர் கொடுக்கிறார்.’ இக்கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் கலந்துரையாடுக.