தையற்காரர் நடிகரானார்

ஏ.கே. ஹங்கல் ஒரு தையற்காரர். பிறந்த ஊர் சியால்கோட். வளர்ந்த ஊர் பெஷாவர். இரண்டும் இன்று பாகிஸ்தானில் உள்ளன.

துணி தைப்பது அவருக்குப் பிழைப்பு. நாடகம் அவருக்கு உயிர். இளம் வயதிலேயே பெஷாவரில் மேடை ஏறினார். விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தார். பின்னர் கராச்சியில் சிறையிலும் இருந்தார்.

1949-இல் பம்பாய்க்கு வந்தார். அதுதான் இன்றைய மும்பை. புது ஊரில் தையல் தொழில் கைகொடுத்தது. நாடகத்தையும் அவர் விடவில்லை. இப்டா என்னும் மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்தார். 1943-இல் தொடங்கிய மன்றம் அது. உழைக்கும் மக்களின் பாடுகளை அது மேடையில் காட்டியது.

சினிமா வாய்ப்பு சுமார் 50 வயதில்தான் வந்தது. 1966-இல் ‘தீஸ்ரி கசம்’ படம் வெளியானது. 1975-இல் ‘ஷோலே’ வந்தது. அதில் மகனைப் பறிகொடுத்த, கண் தெரியாத பெரியவராக நடித்தார். 200-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 2006-இல் பத்மபூஷண் விருது பெற்றார். தள்ளாத வயதிலும் தொலைக்காட்சித் தொடரில் தோன்றினார். 2012-இல் காலமானார்.

பிழைப்புக்காக அவர் ஆசையை மூட்டை கட்டி வைக்கவில்லை. ஆசைக்காகப் பிழைப்பையும் கைவிடவில்லை.

பேசுவோம்

1. ஹங்கலுக்குப் பிழைப்பு எது? உயிர் எது?
2. உங்கள் ஊரில் நாடகம், கூத்து ஆடுபவர் யார்? அவருடைய தொழில் என்ன?
3. நீங்கள் விட்டுவிட்ட கலை ஏதும் உண்டா?