பழைய படம், புது டிஸ்க்: வாங்கலாமா?

"பழசுதானே, இதில் என்ன தெளிவு வந்துவிடப் போகிறது?" என்று புளூ-ரே டிஸ்க்கைத் திருப்பி வைத்துவிடாதீர்கள். படத்தின் வயதைவிட, எதில் எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்தது. கானல் நீருக்குள்ளிருந்து ஒமர் ஷரீஃப் ஒட்டகத்தில் வருவாரே, முதலில் தெரியும் அந்தக் கரும்புள்ளியை டிவிடியில் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். புளூ-ரேயில் அது நெளிந்து நெளிந்து வருவதே தனி அழகு. 2002-இன் '28 டேஸ் லேட்டர்' பெரும்பாலும் சின்ன டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்தது. அதற்கு டிவிடியே போதும்.

திரையில் பொடி மணல் தூவியதுபோல் தெரிந்தால் டிஸ்க் கோளாறு என்று நினைக்காதீர்கள். ஃபிலிமின் இயல்பு அது. டிஸ்க் தயாரிக்கும்போது அதை அளவுக்கு மீறித் துடைத்தால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும். 2010-இல் வந்த 'பிரிடேட்டர்' டிஸ்க்கில் பாவம், அர்னால்டுக்கு அதுதான் நேர்ந்தது. ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்ததா என்று விசாரித்து வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ரீஜன் எழுத்தைப் பாருங்கள்: அமெரிக்காவுக்கு ஏ, இந்தியாவுக்கு சி. எழுத்து பொருந்தாவிட்டால் உங்கள் பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கென்று தனி பிளேயர் வேண்டும்.