கேரம் வீரரும் பெருமையின் அளவுகோலும்

ஒரு துறையில் வென்றார் பலராயின், அவருள் மிகப் பெரியார் யாவர் என வினவுதல் மக்கட்கு இயல்பு. மேனாட்டு மிதிவண்டிப் பந்தய அன்பர் இவ்வினாவை நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். பெல்ஜிய நாட்டு எடி மெர்க்ஸ் பிரான்சுப் பெரும்பந்தயத்தை ஐந்து முறை வென்றார். இத்தாலிய நாட்டு ஃபாஸ்டோ கோப்பி இருமுறையே வென்றார். எண்ணிக்கையே அளவாயின் வழக்கு முடிந்தது. ஆயின், 1940 முதல் 1946 வரை உலகப்போரின் காரணமாக அப்பந்தயம் நடைபெறவேயில்லை. கோப்பியோ 1943இல் போர்க் கைதியுமானார். நிகழாத பந்தயத்தில் வெல்லுதல் யார்க்கும் இயலாதன்றோ? ஆதலின், வென்றவற்றை எண்ணுமுன், வெல்லுதற்கு வாயில் எத்துணை இருந்தது என ஆராய்தல் முறையாகும்.

இம்முறையை நம் வடசென்னை மக்கள் உவந்தாடும் கேரம் ஆட்டத்திற்குப் பொருத்திக் காண்போம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டைத் தெருக்களில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் சிறுவரும் மாலைதோறும் விளக்கின்கீழ்ப் பலகையைச் சூழ்ந்திருத்தலை யாம் கண்டு வளர்ந்தோம். வெள்ளைக் காய் 9, கருப்புக் காய் 9, சிவப்புக் காய் 1. அடிக்கும் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. மலையேற்றமும் காற்றும் மழையும் இங்கு இல்லை. யாவர்க்கும் பலகை ஒன்றே. எனவே இவ்வீரரை ஒப்பிடுதல் எளிதெனத் தோன்றும். அத்தோற்றம் முற்றும் மெய்யன்று.

சென்னை மரிய இருதயம் அவர்கள் 1991, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் பெற்றவர்; அருச்சுனா விருதும் எய்தியவர். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சு நாட்டில் மகளிர் உலகப் பட்டம் பெற்றார். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், தம் 17ஆம் வயதில், ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பொற்பதக்கம் கொண்டார்.

'மூன்று இரண்டினும் பெரிதன்றோ?' என்பாருளர். அம்மூன்றும் ஒரே போட்டியிற் பெற்றவை; அவற்றுள் இரண்டு துணைவரோடு பகிர்ந்தவை. நான்காண்டு இடைவெளியிலும் கைத்திறன் தளராது மீண்டும் வெல்லுதல் வேறொரு வன்மை. அன்றியும், அகில உலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் நம் சென்னையிற்றான் தோன்றியது. முதல் உலகப் போட்டி 1991இல் நிகழ்ந்தது. அதற்கு முன் ஆடிய வல்லார்க்கு உலகப் பட்டம் என்னும் வாயிலே இல்லை. மறுபுறம், ஆண்கள் சூழ்ந்த தெருப்பலகையில் ஒரு பெண் இடம் பெறுதலும், எளிய குடும்பத்தார் கடல் கடந்த வழிச்செலவு தேடுதலும் பதக்கத்தில் எழுதப்படாத வெற்றிகளாம்.

எனவே, இதுகாறும் நிகழ்ந்தவற்றை நோக்கின், மரிய இருதயம் அவர்களையே முதற்கண் வைப்போம். காசிமாவின் வழக்கில் தீர்ப்புக் கூறுதற்குக் காலம் வரவில்லை. அவர் ஆட்டம் இன்னும் நெடிது.

இவ்வாராய்ச்சி ஆட்டத்தளவில் நிற்பதன்று. நம் வகுப்பிலும் மதிப்பெண்ணை மட்டும் எண்ணித் தோழரை வரிசைப்படுத்துகின்றோம். ஆலைச் சங்கொலிக்கு எழுந்து, இரவெல்லாம் வேலை செய்து மீண்ட தந்தைக்கு இடம் விட்டுத் திண்ணையிற் படித்தவன் பெற்ற ஐம்பதை யார் அளப்பார்? காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் அளந்த அளவு நாம் அறியாததன்று.

கேரத்தில் சிவப்புக் காயைக் குழியில் இட்டால் மட்டும் போதாது. தன் காய் ஒன்றைத் தொடர்ந்து இடல் வேண்டும். இன்றேல் சிவப்பு மீண்டும் நடுவிடம் சேரும். முன்னோர் பெற்ற வெற்றியும் அத்தகையதே. அதனைத் தொடர்வோர் நம் தெருக்களிலிருந்து இன்னும் பலர் எழுவாராக!