நடந்து வந்தவர்களுக்கு நம் வீட்டில் ஒரு படையல்

மலையகத் தோட்டங்களில் உழைக்கத் தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையருக்கு ஆண்டுக்கொருநாள் குடும்பமாகப் படையலிடுங்கள்.

1. ஒரு வாரம் முன்பே பெரியவர்களிடம் முன்னோர் பெயர்களையும் பூர்வீக ஊரையும் கேட்டு எழுதுங்கள். எழுதாதவை அவர்களோடே போய்விடும்.

2. வாழையிலையில் சோறு, பலாக்காய்க் கறியோடு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வையுங்கள். லயத்து (தோட்ட வரிசைவீட்டு) அடுப்பில் அன்றாடம் வெந்தது ரொட்டிதான்.

3. பக்கத்தில் சூடாகத் தேத்தண்ணி வையுங்கள். அது அவர்கள் உழைப்பு.

4. வழியில் மாண்டவர்களுக்குத் தனி இலை போடுங்கள். அவர்களில் பலருக்குக் கல்லறைகூட இல்லை.

5. விளக்கேற்றியதும் பெயர்களைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். வாய்விட்டுச் சொன்ன பெயர் மறக்காது.

எந்த நாளில் என்று யோசிக்கிறீர்களா? தலைமன்னார்–மாத்தளை நினைவு நடைபயணம் 2023 ஆகஸ்ட் 12இல் நிறைவுற்றது. அந்நாளையே குறித்துக்கொள்ளுங்கள்.