அன்ஸ்ட் தீவுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அபர்தீனில் படித்துவரும் நீ, கோடை விடுமுறையில் காமிராவோடு ஷெட்லாந்துத் தீவுகளின் வடகோடியிலுள்ள அன்ஸ்டுக்குச் சென்று, அங்குள்ள விசித்திரமான அறிவிப்புப் பலகைகளையும் அன்றாடக் காட்சிகளையும் படம்பிடிக்க உத்தேசித்து, என் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. மாலையில் கப்பலேறி, மறுநாள் காலை லெர்விக்கில் இறங்கி, டாஃப்ட் துறையிலிருந்து படகில் யெல் தீவை அடைந்து, அதையும் கடந்து இன்னொரு படகேறினால்தான் அன்ஸ்ட். இத்தனை பிரயாசைப்பட்டுப் போகிறவன், எல்லோரும் எடுத்த படத்தையே எடுத்துக்கொண்டு திரும்பலாகாது என்ற கவலையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பால்டசவுண்டுக்கு அருகே சாலையோரத்தில் ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறது. பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் தன் சைக்கிளை அங்கே நிறுத்திவைக்கும் வழக்கமுடைய சிறுவன் ஒருவன், நிழற்குடை இல்லாமற் போய்விடலாகாதென்று 1996-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அதற்குப் பலன் கிட்டியது. பின்னர் யாரோ அதனுள்ளே சோபாவைக் கொண்டுவந்து போட, தொலைக்காட்சிப் பெட்டி, வருகையாளர் கையெழுத்துப் புத்தகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்து, அவ்வப்போது புதிய அலங்காரமும் பெற்று, இன்று அது உலகப் பிரசித்தம். அந்தச் சோபாவை நீயும் எடுப்பாய், எடு. ஆனால் எடுத்த கையோடு கிளம்பிவிடாதே. மரங்கள் அரிதான அந்தப் பூமியில், கடலிலிருந்து தடையின்றி வரும் காற்றில் வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து அமர்ந்தால், காற்றை மறைக்கும் ஒரு சுவர் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது உனக்கு விளங்கும். அது விளங்கிய பிறகு, பஸ்ஸுக்காகக் காத்திருக்க உண்மையாகவே வரும் ஒருவருக்காக நீயும் காத்திருந்து, அனுமதி கேட்டு எடுக்கும் படம் வேறு தரமாயிருக்கும்.

விசித்திரம் என்று நமக்குத் தோன்றுவதற்கு அந்த ஊரில் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் படச்சட்டத்துக்குள் கொண்டுவருவதே உன் வேலை என்பது என் திடமான கருத்து. நீர்நாய்கள் சாலையைக் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகைகளை ஷெட்லாந்தில் காண்பாய். பலகையை மட்டும் நெருங்கி எடுத்தால் அது வெறும் வேடிக்கை. அந்த நீர்நாய்கள் கடலில் இரை தேடுபவை. ரோமத்தில் உப்புப் படிந்தால் அது குளிரைத் தாங்காது. ஆகவே உப்பைக் கழுவ நன்னீரை நாடிக் கரையேறுகின்றன. சாலை குறுக்கே கிடக்கிறது. ஆதலால் பத்தடி பின்வாங்கி, ஒருபுறம் கடலும் மறுபுறம் ஓடையும் நடுவே பலகையுமாக அமையும் கோணத்தைத் தேடு. அது கிடைக்காத இடத்தில் ஷட்டரை அழுத்தாமலே போய்விடு.

மேட்டு நிலங்களில் வாசலில்லாத சிறு கல்வட்டங்கள் தென்படும். பிளாண்டிக்ரப் என்பார்கள். காற்றுக்கும் ஆட்டுக்கும் தப்பிக் கோசு நாற்றுகள் வளர்வதற்காகச் சாந்தில்லாமல் அடுக்கிய சுவர்கள் அவை. பல இப்போது சரிந்து கிடக்கின்றன. சுவரின்மேல் எட்டிப் பார்த்து, உள்ளே முளைத்திருப்பது எதுவோ அதையும் சேர்த்து எடு.

சாலையோரப் பெட்டிகளில் முட்டையோ பலகாரமோ விலைச்சீட்டோடு வைத்திருப்பார்கள், விற்பவர் இருக்கமாட்டார். முதலில் காசைப் போட்டு ஒன்றை வாங்கிக்கொள், பிறகு காமிராவை எடு. அந்தப் பெட்டி வழிப்போக்கனின் நேர்மையை நம்பி வைக்கப்பட்டது. வாங்காமல் படமெடுத்துப் போவது எனக்குச் சம்மதமில்லை.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 பாகைக்கும் வடக்கே இருப்பதால் ஜூன் மாதத்தில் நள்ளிரவிலும் முழு இருள் கவியாது; அந்த மங்கிய ஒளியை ஊரார் ‘சிம்மர் டிம்’ என்பர். பகலில் உறங்கி நள்ளிரவில் நட. முக்காலியைத் தாழ்வாக நிறுத்து. இல்லாவிட்டால் காற்று அதைத் தள்ளிவிடும்.

திரும்பி வந்ததும் எனக்கு ஆறு படங்கள் மாத்திரம் அனுப்பு. ஒவ்வொன்றின் பின்புறத்திலும், அந்தப் பொருளை அங்கே வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்பதை, அவ்வூராரிடம் கேட்டறிந்து, உன் கையெழுத்தில் எழுது. எழுத முடியாத படத்தை, அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்