சாலைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் கழிவு

தார்ச் சாலைக்கு முதற் பகை நீரேயாகும். மழைநீர் ஜல்லிக்கும் தாருக்கும் இடையே புகுந்து, பிடிப்பைத் தளர்த்திக் குழிகளை உண்டாக்குகிறது. இதனைத் தடுக்க, மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறை எளியது.

சுமார் 160 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள ஜல்லியின்மீது, தூய்மை செய்து நறுக்கிய பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால், அவை இளகிக் கற்களின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. பின்னர்த் தார் கலக்கப்படுகிறது. படலம் தாரை இறுகப் பற்றி, நீர் உட்புகாது காக்கிறது. தாரின் தேவையும் ஓரளவு குறைகிறது. 2013-இல் இந்திய சாலைக் காங்கிரஸ் இம்முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

பாலிதீன் பைகள் இதற்கு ஏற்றவை. ஆனால், பி.வி.சி. பொருள்களைச் சேர்த்தல் ஆகாது; சூட்டில் அவை சிதைந்து ஹைடிரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும். ஆகவே, கழிவைத் தரம் பிரிக்கும் பணியிலேயே சாலையின் உறுதியும் தொழிலாளரின் உடல்நலமும் அடங்கியுள்ளன.